பெயருக்குப் பூட்டுப் போடுவதற்கு முதல் லொக்கை வாசியுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துப் போய்த்தான் இங்கே எழுதுகிறோம். முழுக்க வாசிக்க நேரம் இல்லாதவர்கள் தயவு செய்து கருத்தும் போடாதீர்கள்.

"அந்தப் பொடியன் வெளிநாட்டுக்காரன்ட சேர்வர்ல குப்பை எழுதி மன்னார்ட பேரையே கெடுத்துட்டானாம்." இரண்டு கிழமையாக இந்தக் கதை குரல் பதிவாகச் சுற்றுகிறது. என்ன எழுதினான், எத்தனை மணிக்கு எழுதினான், எந்த சேர்வரில் எழுதினான் என்று கேட்ட ஒருவரையும் நாங்கள் காணவில்லை. அவனுடைய அழைப்புக் குறி ஒரு தடைப் பட்டியலில் ஏறியிருக்கிறது, அது எல்லாருக்கும் போதுமாக இருக்கிறது. இப்போது சில பெற்றோர், நாங்கள் பின்னேரத்தில் நடத்தும் ரேடியோ வகுப்பையே நிறுத்தச் சொல்லிக் கடிதமும் எழுதியிருக்கிறார்கள்.

அவன் எழுதவில்லை. அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்க அந்த சேர்வரின் அட்மினுக்கும் மனம் வரவில்லை, நம்மவர்களுக்கும் வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கிளஸ்டர் என்றால் என்ன என்று சொல்லி விடுகிறோம். ஹாம் ரேடியோக்காரர் ஒருவர் ஜப்பானில் இருந்துகொண்டு ஒரு தூரத்து நிலையத்தின் குரலைப் பிடிக்கிறார் என்று வையுங்கள். எந்த அலைவரிசையில், எந்த நிலையம், எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதிப் போடுவார். அதற்கு ஸ்பொட் என்று பெயர். சில விநாடிகளில் உலகம் முழுக்க அந்த வரி போய்ச் சேரும். பார்த்தவர்கள் அந்த அலைவரிசைக்கு ஓடுவார்கள். பேசாலைக் கடலில் ஒரு வள்ளம் "இங்க மீன் படுது" என்று சொன்னால் மற்ற வள்ளங்கள் திரும்புவது போலத்தான். பொய்யாகச் சொன்னால் எத்தனை பேருடைய மண்ணெண்ணெய் வீணாகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இந்த வரிகளைக் கடத்துகிற ஒவ்வொரு சேர்வருக்கும் நோட் என்று பெயர். 1980களில் அமெரிக்காவில் டிக் நியூவெல் என்பவர் எழுதிய பெக்கட் கிளஸ்டர் என்ற நிரலோடு இது பரவியது. இன்று பல நோட்களில் ஓடுவது இங்கிலாந்தின் டிர்க் கூப்மன் பேர்ள் மொழியில் எழுதிய டிஎக்ஸ் ஸ்பைடர். எங்கள் சிறிய நோட்டிலும் அதுதான். டவுனில் ஒரு வீட்டு மேசையில், ஒரு ராஸ்பெரி பையில், பழைய யூபிஎஸ் ஒன்றின் தயவில் ஓடுகிறது.

இப்போது வாசல் கதைக்கு வருவோம். பெரும்பாலான நோட்களில் உள்ளே போவதற்கு என்ன வேண்டும்? அழைப்புக் குறியைத் தட்டச்சு செய்தால் போதும். பாஸ்வேர்ட் இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைத்து, லைசன்ஸ் கொடுத்து, 4எஸ்7 என்று தொடங்கும் ஒரு குறியைத் தருகிறது. அந்தக் குறி ரகசியம் இல்லை. பேசும்போது அதைச் சொல்லித்தான் பேச வேண்டும், அதுதான் சட்டம். உலகம் முழுக்கக் கேட்கிற ஒரு குறியையே திறப்பாகவும் வைத்திருக்கிறார்கள். பிரேசிலில் இருக்கிற ஒருவர் மன்னார்ப் பிள்ளையின் குறியைத் தட்டினால், சேர்வருக்கு அவர்தான் மன்னார்ப் பிள்ளை.

ஆரம்பத்தில் இது பைத்தியக்காரத்தனமாக இருக்கவில்லை. பெக்கட் ரேடியோ காலத்தில் ஒரு நோட்டோடு இணைவதற்குப் பக்கத்து ஊரில் இருந்து விஎச்எஃப் அலையில்தான் வர வேண்டும். இருபது முப்பது பேர், எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். குரலும் தெரியும், வீடும் தெரியும். பிறகு எல்லாம் இணையத்துக்கு மாறியது. வாசலில் உலகமே வந்து நிற்கிறது, வாசல் மட்டும் பழைய கிராமத்து வாசலாகவே இருக்கிறது. அட்மின்மார் சிலரிடம் இதைச் சொன்னால், "ஹாம் ரேடியோவில் மறைத்துப் பேசக் கூடாது" என்று விதி காட்டுகிறார்கள். நாடுகளுக்கிடையிலான அமெச்சூர் ஒலிபரப்பில் பொருளை மறைக்கும் குறியாக்கம் கூடாது என்பது சரிதான், சர்வதேச விதியிலேயே இருக்கிறது. அது வானலைக்கான விதி. இணையக் கம்பியில் வந்து நிற்பவரிடம் "நீங்கள் யார்" என்று கேட்பதை எந்த விதி தடுக்கிறது?

இனி நடந்ததைச் சொல்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை, வட கொரியாவில் இருந்து ஒரு நிலையம் ஒலிபரப்புவதாக நான்கு ஸ்பொட்கள் எங்கள் பிள்ளையின் குறியில் போயின. வட கொரியா என்றால் ஹாம் உலகத்தில் கிடைப்பதற்கு மிக அரிதான நாடுகளில் ஒன்று, எல்லாரும் விழுந்தடித்து ஓடுவார்கள். குறிப்புப் பகுதியில் எழுதியிருந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஐரோப்பாவில் ஒரு நோட்டின் அட்மின் உடனே செட்/பேட்ஸ்பொட்டர் என்ற கட்டளையைக் கொடுத்து அந்தக் குறியை முடக்கினார். அந்தக் கட்டளை என்ன செய்யும் தெரியுமா? அந்தக் குறியில் இருந்து வரும் எந்த ஸ்பொட்டையும் அந்த நோட் காட்டாது, அடுத்த நோட்டுக்கும் கடத்தாது. குறிக்குப் பின்னால் கோடு போட்டு இலக்கம் சேர்த்தாலும் தப்ப முடியாது. பொய் எழுதியவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை, நாளைக்கு வேறொருவருடைய குறியைத் தட்டுவார். வாய் அடைபட்டது உண்மையான சொந்தக்காரனுக்கு.

அட்மினுக்கு எழுதினோம். மரியாதையாகத்தான் எழுதினோம். வந்த பதில் இரண்டு வரி. ஸ்பொட் 07 மணிக்குப் போயிருக்கிறது, இந்தக் குறியில்தான் போயிருக்கிறது, உங்கள் நோட்டை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.

நம்மவர்களும் அந்த 07ஐப் பிடித்துக் கொண்டார்கள். "காலம்பற ஏழு மணிக்கு அவன் வீட்டிலதான் இருந்திருக்கான், உம்மாவே சொன்னா" என்று ஒருவர் சாட்சியும் கொண்டு வந்தார். சாட்சி சொல்ல முதல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கிளஸ்டரில் எழுதப்படும் நேரம் யூடிசி நேரம். நேரத்துக்குப் பின்னால் இசட் என்ற எழுத்து நிற்பது அதைச் சொல்லத்தான். நமக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். எங்கள் லொக்கில் அந்த நான்கு வரிகளும் 0709 தொடக்கம் 0721 வரை. கூட்டிப் பாருங்கள். 12.39 தொடக்கம் 12.51. வெள்ளிக்கிழமை. இமாம் மிம்பரில் நிற்கிற நேரம். அந்தப் பிள்ளை இரண்டாம் சஃப்பில் இருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களில் இன்று குரல் பதிவு அனுப்புகிறவர்களும் உண்டு.

நேரம் மட்டும் போதாது என்று சொல்பவர்கள் இருப்பீர்கள். நியாயம். நோட்டின் கடிகாரமே பிழையாக இருக்கலாம். ராஸ்பெரி பையில், கடைசியாக வந்த ஐந்தாம் மாதிரிக்கு முதல் எதிலும், மின்சாரம் போன பிறகும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. மின்வெட்டுக்குப் பிறகு எழும்பும்போது இணையமும் இல்லையென்றால், பழைய நேரத்திலேயே எழும்பும். அப்படி எழும்பிய நோட், வந்து சேரும் நல்ல ஸ்பொட்டையும் "எதிர்கால நேரம்" என்று தள்ளி விடும். அட்மின் ஸ்பொட் வரவில்லை என்று நாள் முழுக்க ரவுட்டரைப் பிடித்து ஆட்டிக் கொண்டிருப்பார், கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். மன்னாரில் மின்வெட்டைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் எங்கள் பெட்டியில் பட்டரி வைத்த சிறிய கடிகாரத் துண்டு ஒன்று போட்டிருக்கிறோம், இணைய நேரத்தோடும் சரிபார்க்கிறது. அன்றைக்கு வேறு நிலையங்களில் இருந்து வந்த ஸ்பொட்களின் நேரங்களும் எங்கள் கடிகாரத்தோடு ஒத்துப் போகின்றன.

அடுத்தது முகவரி. பழைய வகை ஸ்பொட் வரிக்குப் பிசி11 என்று பெயர். அதில் யார், எந்த நோட் என்று மட்டும் இருக்கும். புதிய வகை பிசி61. அதில் எழுதியவரின் ஐபி முகவரியும் சேர்ந்து வரும். எங்களுக்கு வந்த நான்கும் பிசி61. டிஎக்ஸ் ஸ்பைடரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டீபக் கோப்பு இருக்கும், வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற எண்தான் அதன் பெயர். அந்தக் கோப்பைத் திறந்து கிரெப்டீபிஜி என்ற கருவியால் குறியைத் தேடினால் வரி அப்படியே வரும். நாங்கள் தேடினோம். அந்த முகவரி இலங்கையின் எந்த இணைய நிறுவனத்துக்கும் உரியது இல்லை. ஐபியையும் பொய்யாக எழுதலாமே என்றால், எழுதலாம்தான், ஆனால் அதற்கு ஒரு நோட்டே பொய் சொல்ல வேண்டும். வரி எந்த நோட்டில் பிறந்தது என்பதும் அதே வரியில் இருக்கிறது. அது எங்கள் நோட் இல்லை. அப்படியானால் அந்த அட்மின் கேள்வி கேட்க வேண்டியது அந்த நோட்டின் அட்மினிடம். மன்னாரில் இருக்கிற பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் இல்லை.

"சரி சேர், பேரைத் தடுக்காம ஐபியைத் தடுக்கலாமே" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சில இடத்தில் அது சரியாக வரும். ஆனால் நம் நாட்டு மொபைல் இணையத்தில் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பேர் இருப்பது சாதாரணம். அந்த ஒரு முகவரியைத் தடுத்தால் பக்கத்து வீட்டானும் அடைபடுவான், அவனுக்கு ஏன் என்றும் தெரியாது. வெளியில் இருந்து எங்கள் நோட்டுக்குள் யாரும் நேரே நுழைய முடியாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். நாங்கள்தான் வெளியே போய் மற்ற நோட்களோடு இணைகிறோம். ஆக "மன்னார் நோட்டுக்குள் யாரோ புகுந்து எழுதியிருக்கலாம்" என்ற கதையும் அங்கேயே விழுகிறது.

ரீஸ்டார்ட் பற்றி. இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை, உலக நோய். போன் ஸ்டக் ஆனால் ரீஸ்டார்ட், ரவுட்டர் மக்கர் பண்ணினால் ரீஸ்டார்ட். கிளஸ்டர் சேர்வரில் அந்தப் பழக்கம் என்ன செய்யும் என்று பாருங்கள். இந்த நிமிடத்தில் யார் யார், எந்த முகவரியில் இருந்து உள்ளே இருக்கிறார்கள் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். நிறுத்தினால் அந்தப் பட்டியல் போய் விடும். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது லைட்டை அணைத்து விட்டு மறுபடி போடுவதால் என்ன லாபம்?

அதுவும் கரண்டைப் பிடுங்கி ரீஸ்டார்ட் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கென்று தனி வேதனை உண்டு. கிளஸ்டர்.எல்சிகே என்று ஒரு பூட்டுக் கோப்பு மிஞ்சி நிற்கும். அதில் பழைய நிரலின் எண் எழுதியிருக்கும். பெட்டி திரும்ப எழும்பும்போது அதே எண் வேறு ஏதாவது நிரலுக்குக் கிடைத்து விட்டால், ஸ்பைடர் "ஏற்கெனவே இன்னொரு கிளஸ்டர் ஓடுகிறது" என்று சொல்லி எழும்பவே மாட்டாது. அந்தக் கோப்பை அழித்தால் முடிந்தது, ஆனால் செய்தியை வாசித்தால்தானே அழிக்கத் தெரியும்? செய்தியை வாசிக்காதவர் ரூட் உரிமையோடு நிரலை ஓட்டிப் பார்ப்பார். அது ஓடினால் இன்னொரு சிக்கல். புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு ரூட்டைச் சொந்தக்காரராக்கி விடும். அடுத்த நாள் சிசொப் பெயரில் வழக்கம் போல் எழும்பப் பார்க்கும்போது அந்தக் கோப்புகளில் எழுத முடியாது. பிறகு "சொப்ட்வெயார் சரியில்ல" என்பார். மின்சாரம் போகும்போது எஸ்டி கார்டில் பயனர் கோப்பு சிதைவதும் உண்டு. அதற்குத்தான் பயனர் பட்டியலை எழுத்து வடிவில் பிரதி எடுக்கும் ஏற்பாடு நிரலிலேயே இருக்கிறது. எங்கள் மாணவர்கள் அந்தப் பிரதியை வேறொரு பென் டிரைவிலும் வைக்கிறார்கள். தரம் 11 பிள்ளைகள்.

அதிகாரம் கொடுப்பதிலும் இதே அலட்சியம்தான். ஸ்பைடரில் 0 முதல் 9 வரை உரிமைப் படிகள் இருக்கின்றன. 9 என்பது பெட்டிக்கு முன்னால் இருக்கிற சிசொப்புக்கு உரியது, தூரத்தில் இருந்து வருகிற யாருக்கும் அதைக் கொடுக்காதே என்று நிரலின் உதவிப் பக்கமே கத்துகிறது. "நம்ம கூட்டாளிதானே" என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். டெல்நெட்டில் பாஸ்வேர்ட் கூட மறைவில்லாமல் போகும் என்பதை யோசிப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? ஸ்பைடரிலேயே பதிவு முறை இருக்கிறது. அதை இயக்கினால், பதிவு செய்யாதவர் உள்ளே வந்து வாசிக்கலாம், ஸ்பொட்டோ அறிவித்தலோ எழுத முடியாது. பதிவு செய்தவருக்குப் பாஸ்வேர்டும் வைக்கலாம். "பதிவு கேட்டால் ஆட்கள் வர மாட்டார்கள்" என்பது அட்மின்மாரின் பழைய பல்லவி. வாசிக்க வருபவரை யார் தடுத்தது? எழுதுகிறவர் மட்டும் ஒரு தடவை லைசன்ஸைக் காட்டட்டும். ஒரு நோட் மட்டும் பூட்டினால் போதாது என்பதும் உண்மை. திறந்து கிடக்கிற அடுத்த நோட்டில் நுழைந்து எழுதினால் அந்த வரி இங்கேயும் வந்து சேரும். அதனால்தான் பூட்டாத நோட்டைப் பற்றி மற்ற நோட்காரர்கள் பேச வேண்டும் என்கிறோம். பெயர் திருடப்பட்டவனைப் பிடித்து அடைப்பது அவர்களுக்கு லேசாக இருக்கிறது, பக்கத்து அட்மினிடம் "உன் வாசலைச் சாத்து" என்று சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

இதில் நம் ஊருக்கு என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். 2018 மார்ச்சில் திகனையில் நம் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அதற்குச் சில நாள் முன்பு அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றிய மாத்திரைக் கதை பரவியிருந்தது. பொய் எழுதியவர்களைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, முழு நாட்டுக்கும் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகும் அதையே செய்தார்கள். அன்று முஸ்லிம் பெயர் உள்ள ஒவ்வொருவரும் தான் அவன் இல்லை என்று நிரூபித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, மறந்து விட்டதா? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது, எருக்கலம்பிட்டியில் யார் என்ன செய்தார், முசலியில் யார் என்ன செய்தார் என்று யாரும் தனித்தனியாக விசாரிக்கவில்லை. பெயர் போதுமாக இருந்தது. வள்ளம் ஏறிக் கற்பிட்டியில் இறங்கியவர்களின் பிள்ளைகள்தானே நாம். ஒரு கொம்பியூட்டர்ப் பட்டியலையும் அந்தக் கொடுமையையும் ஒரே தராசில் வைக்க எங்களுக்குப் பைத்தியம் இல்லை. ஆனால் விசாரிக்காமல் பெயரைப் பிடித்துத் தண்டிக்கிற பழக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்த சனம், தன் வீட்டுப் பிள்ளைக்கே அதைச் செய்வதைப் பார்க்கும்போதுதான் கோபம் வருகிறது.

"போன் இருக்கும்போது இந்த ரேடியோ எதுக்கு, புள்ளைகள் ஏ.எல் படிக்கட்டும்" என்பது அடுத்த வாதம். கிளஸ்டர் அனர்த்த நேரத்துக்கான சாதனம் இல்லை என்பதை நாங்களே ஒத்துக்கொள்கிறோம். அந்த அழைப்புக் குறி அப்படியல்ல. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போயிருந்தது. பல வருடங்களாக அமெச்சூர் ஒலிபரப்பே இல்லாத தீவுகள் அவை, உலகமே அந்த நிலையத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டிருந்தது. 26ஆம் திகதி கடல் வந்தது. போர்ட் பிளேயரில் இருந்து அவர்களுடைய ரேடியோதான் செய்தி கொண்டு போனது. அதே நாட்களில் இங்கே விக்டர் குணதிலக போன்ற மூத்த ஹாம்களோடு வேலை செய்தவர்கள் அம்பாந்தோட்டைக்குச் சிற்றலை ரேடியோவைக் கொண்டு போய்க் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அந்தச் செய்திகளை மறுமுனையில் கேட்டவர்கள் நம்பியது எதனால்? குறிக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு லைசன்ஸ் இருக்கிறது, அவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையால். அந்த நம்பிக்கையைத்தான் அந்த வெள்ளிக்கிழமை ஒருவர் திருடினார். திருடு கொடுத்தவனைக் கள்ளன் என்கிறீர்கள்.

மன்னார் தீவு எப்படிப்பட்ட இடம் என்று 1964 டிசம்பரைக் கண்ட பெரியவர்களிடம் கேளுங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போன அந்தப் புயல் நம் பக்கமும் வந்தது. அடுத்த புயலில் டவர் விழுந்தால் எந்தப் போனில் யாருக்கு அடிக்கப் போகிறீர்கள்?

வகுப்பு நிற்காது. லைசன்ஸ் பரீட்சைக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள், அதில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடிதம் எழுதிய பெற்றோர் வந்து ஒரு பின்னேரம் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். வெளிநாட்டு அட்மினுக்கு நான்கு வரிகளையும், நேர மாற்றத்தையும், அவை பிறந்த நோட்டின் பெயரையும் சேர்த்து மூன்றாவது தடவை எழுதியிருக்கிறோம். அன்செட்/பேட்ஸ்பொட்டர், அதற்குப் பின்னால் ஒரு குறி, அவ்வளவுதான் அவர் தட்ட வேண்டியது. அந்தப் பிள்ளை இந்த இரண்டு கிழமையும் ரேடியோவைத் தொடவில்லை. பள்ளிக்கு வந்தாலும் கடைசி ஆளாக வந்து முதல் ஆளாகப் போகிறான். குரல் பதிவு அனுப்பியவர்கள் அதை எந்தக் குழுமத்தில் போட்டார்களோ அதே குழுமத்தில் எடுத்து விட்டோம் என்று சொல்ல வேண்டும். தனியாக இன்பொக்ஸில் வந்து மன்னிப்புக் கேட்பது வேண்டாம்.

லொக் கோப்பின் அச்சுப் பிரதி எங்களிடம் இருக்கிறது, மூன்று பக்கம். பார்க்க விரும்புகிறவர்கள் செவ்வாய், வியாழன் அஸருக்குப் பிறகு வகுப்புக்கு வரலாம். யூடிசி நேரத்தை நம் நேரமாக மாற்றத் தெரியாவிட்டால் தரம் 11 பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.